மலிவான ரோமானியக் காசு: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

ஆயிரத்தெழுநூறு ஆண்டுப் பழமை என்றதும் லட்சக்கணக்கில் விலை இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ரோமானியக் காசுகளில் நிலைமை வேறு. கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசு ஒன்று, அரசன் முகமும் எழுத்தும் தெளிவாகத் தெரிகிற நிலையில், ஐரோப்பிய வியாபாரிகளிடம் பத்து இருபது டாலருக்குக் கிடைக்கிறது. பேரரசன் மூன்றாம் கார்டியனின் வெள்ளிக் காசுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்தால் போதும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் கையைக் கடிக்காமல் தொடங்கக்கூடிய சேகரிப்பு இது. தொடங்கலாமா என்று கேட்பவர்களிடம் விலை, போலி, பராமரிப்பு மூன்றையும் பேசி முடித்துவிடுவது வழக்கம். காசு எந்த மண்ணிலிருந்து, யார் கையால் வந்தது என்பதையும் சேர்த்து எடைபோட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

முதலில் இந்தக் காசுகளின் பக்கம் உள்ள நியாயம். இவை மலிவாக இருப்பதற்குக் காரணம் எண்ணிக்கை. நான்காம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து அலெக்சாந்திரியா வரை பல நகரங்களில் காசு அடிக்கும் அக்கசாலைகள் இயங்கின. படைக்குச் சம்பளம் கொடுக்க வெண்கலத்தை மலைமலையாக அடித்துத் தள்ளினார்கள். அதனால் விலை குறைந்ததே தவிர, காசில் உள்ள செய்தி குறையவில்லை.

‘படையின் பெருமை’ என்று பொருள்படும் ‘குளோரியா எக்ஸெர்சிடஸ்’ வாசகம் பொறித்த காசை எடுத்துக்கொள்வோம். நம் ஒரு ரூபாயைவிடச் சிறியது. பின்பக்கத்தில் இரண்டு வீரர்கள் ஈட்டியும் கேடயமுமாக எதிரெதிரே நிற்கிறார்கள். நடுவில் படைப்பிரிவின் கொடிக்கம்பங்கள் இரண்டு. கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் சில எழுத்துகள். எஸ், எம், ஏ, என் என்று இருந்தால் அது அந்தியோக்கியா அக்கசாலை. அதையடுத்து வரும் கிரேக்க எழுத்து, அந்த அக்கசாலையின் எந்தப் பட்டறையில் அடித்தது என்று சொல்லும். இரண்டு கம்பம் உள்ள காசுகள் 330 முதல் 335 வரையிலானவை. அதற்குப் பின் வந்தவற்றில் கம்பம் ஒன்றுதான், காசும் சுருங்கி எடை குறைந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓர் அரசு தன் மக்களின் பணத்தை எப்படிக் கரைத்தது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். முப்பது டாலருக்குள் இப்படி ஒரு பொருளியல் பாடம் வேறு எங்கும் கிடைக்காது.

இதே கதை மூன்றாம் நூற்றாண்டில் இன்னும் கடுமையாக நடந்தது. 215இல் பேரரசன் கராகல்லா ஒரு புதிய வெள்ளிக் காசை வெளியிட்டான். அதன் மதிப்பு இரண்டு தினாரி (அதுவரை புழங்கிய வெள்ளிக் காசு) என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உள்ளே இருந்ததோ ஏறக்குறைய ஒன்றரை தினாரிக்கான வெள்ளி. அரை நூற்றாண்டு கழித்து, பேரரசன் கல்லியேனஸின் கடைசி ஆண்டுகளில், அதே காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. அந்த நெருக்கடியில் அவன் தெய்வங்களின் துணையை வேண்டி, தியானாவுக்கு மான், நெப்டியூனுக்குக் கடற்குதிரை என்று விலங்குகளைப் பொறித்து ஒரு வரிசையே வெளியிட்டான். அந்தக் காசுகளும் இன்று எளிய விலைக்குக் கிடைக்கின்றன. படித்தறியும் வசதியும் உண்டு. 1923இல் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வந்த ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ பட்டியலை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க நாணயவியல் கழகம் இணையத்தில் அமைத்துள்ள தரவுத்தளத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இனி எதிர்ப்பக்கம். புதிதாக வருபவர்களை அதிகம் இழுப்பது ‘சுத்தம் செய்யாத காசு’ மூட்டைதான். மண் ஒட்டிய ஐம்பது, நூறு காசுகள் மொத்தமாக, ஒன்று சில டாலர் என்ற கணக்கில். உள்ளே என்ன இருக்குமோ என்ற ஆவல் எனக்கும் புரிகிறது. ஆனால் தோண்டியவரும் தரகரும் வியாபாரியும் பொறுக்கியெடுத்து முடித்த மிச்சம்தான் அந்த மூட்டை. காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துச் சுரண்டினாலும் பாதிக்கு மேல் வெறும் வட்டத் தகடாகவே வெளிப்படும். பொறுமையிழந்து அமிலத்திலோ மின்பகுப்பிலோ இறங்கினால், களிம்போடு காசின் மேல்தோலும், அதிலிருந்த முகமும் எழுத்தும் போய்விடும்.

இதெல்லாம் வாங்கியவரின் நட்டம். பெரிய நட்டம் வயலில் நடந்து முடிந்திருக்கிறது. இந்த மூட்டைகளில் பெரும்பகுதி பல்கேரியா, செர்பியா போன்ற பால்கன் நாடுகளின் மண்ணிலிருந்து, மெட்டல் டிடெக்டரோடு அலைபவர்கள் எந்தப் பதிவும் இல்லாமல் தோண்டியது. அந்தக் கொள்ளையை மட்டுப்படுத்தவே 2014இல் அமெரிக்கா, பல்கேரியாவோடு செய்த ஒப்பந்தத்தின்படி காசுகள் உள்ளிட்ட தொல்பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது.

பதிவு செய்வதால் என்ன கிடைத்துவிடும் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் புரூம் புதையலைக் காட்டுவேன். 2010இல் சாமர்செட் வயலில் டிடெக்டரோடு போன ஒருவர் பானை ஒன்றில் காசுகள் இருப்பதைக் கண்டார். தானே அள்ளாமல் தொல்லியலாளர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் 52,503 காசுகளையும் அடுக்கடுக்காக, எது எந்த ஆழத்தில் கிடந்தது என்ற குறிப்போடு எடுத்தார்கள். காலத்தால் பிந்திய அரசன் கரௌசியஸின் காசுகளில் பெரும்பாலானவை பானையின் அடிப்பாதியில் கிடந்தன. அவனுக்கு முந்தியவர்களின் காசுகள் அவற்றுக்கு மேலே. ஆண்டுக்கணக்கில் சேமித்துப் போட்டிருந்தால் இப்படி இருக்க வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள். இது பயந்து ஒளித்த பணமல்ல, தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கையாக இருக்கலாம் என்ற கருத்து அந்த அடுக்குகளிலிருந்து பிறந்தது.

புதையலுக்கு மதிப்பிட்ட விலை 3,20,250 பவுண்டு. வகுத்துப் பார்த்தால் ஒரு காசு ஆறு பவுண்டு சொச்சம். மூட்டையில் விற்கும் காசுகளின் உறவுக்காரர்கள்தான் அவை. சந்தையில் ஆறு பவுண்டு பெறும் காசு எந்த ஆழத்தில் கிடந்தது என்ற தகவலுக்குச் சந்தையில் விலையே இல்லை. விலை இல்லாததால்தான் தோண்டுபவர் அதை அழிக்கிறார்.

இந்த வகைக் காசுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, அருங்காட்சியகங்களே வேண்டாம் என்கின்றன, நான் ஒன்று வாங்குவதால் என்ன குறைந்துவிடும் என்று சேகரிப்பாளர்கள் வாதிடுவதுண்டு. இதில் பாதி உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கைமாறி வரும் காசை வாங்குவதால் எந்த வயலுக்கும் கேடில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல் நடந்துவரும் பதிவுத் திட்டத்தில் குறித்துவைத்த பிறகு விற்பனைக்கு வரும் காசுகளும் அப்படியே. போன மாதம் தோண்டிய மூட்டைக்கு இந்த வாதம் பொருந்தாது. நாம் கொடுக்கும் பணம் அடுத்த குழிக்கான கூலி.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி திரட்டி 1994இல் நூலாக வெளியிட்டார். ஆற்றில் அடித்துவந்த காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. ஆனாலும் கரூர், மதுரை என்ற ஊர்ப்பெயர் ஒட்டியிருந்ததால்தான் அந்தத் தேய்ந்த செப்புத்துண்டுகள் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பற்றிப் பேசின. ஊர்ப்பெயர் இல்லாமல் கடையில் கிடக்கும் அதே காசு ஊமை. சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்ய முடியாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

போலியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பத்து டாலர் காசிலும் போலி உண்டு, ஆனால் குறைவு. விளிம்பில் வார்ப்புக் கோடும் மேற்பரப்பில் குமிழித் தடமும் தெரிந்தால் விலகிவிடலாம். நம் கடலோர ஈரப்பதம்தான் மெய்யான எதிரி. வெளிர்ப்பச்சை நிறத்தில் மாவுபோல உதிரத் தொடங்கினால் வெண்கலத்தைக் குளோரைடு தின்கிறது என்று பொருள். அந்தக் காசை மற்றவற்றிடமிருந்து பிரித்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். பிவிசி உறை கூடாது. லாபத்துக்காக வாங்குபவர்களுக்கு இந்த வகைக் காசு ஏற்றதே அல்ல. வாங்கிய விலை திரும்பினாலே பெரிது.

ஆக என் முடிவு இது. குறைந்த செலவில் ரோமானியக் காசு சேர்ப்பது செய்யத்தக்கது, மூட்டையாக வாங்குவது செய்யத்தகாதது. ஒரே தொகைக்கு நூறு மண்ணுருண்டையா, அக்கசாலை எழுத்து தெளிவாகத் தெரியும் ஐந்து காசா என்றால் ஐந்துதான். ஒவ்வொன்றையும் எந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது, எந்த ஏலத்தில் விற்றது, எங்கே பதிவானது என்று கேட்டு வாங்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் வியாபாரியிடம் எவ்வளவு அழகான காசு இருந்தாலும் வேண்டாம். பழைய சேகரிப்பாளரின் கைச்சீட்டோடு வரும் தேய்ந்த காசும், சீட்டில்லாத பளபளப்பான காசும் ஒரே விலையில் எதிரே இருந்தால் தேய்ந்ததை எடுங்கள். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல், வாங்கிய தேதி, விற்றவர் பெயர், எடை மூன்றையும் தனித்தாளில் எழுதிக் காசோடு சேர்த்து வையுங்கள்.