மங்களம் பாடாத மேடை

தமிழர் வீட்டு வாயிலில் விடைபெறுவோர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றே சொல்வர். வழியனுப்புவோரும் 'போய் வா' என்பர். பிரிவைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே மீள்வரவையும் முடிந்து வைத்த இவ்வழக்கு, கலைகளிலும் இடம் பெற்றிருந்தது. தெருக்கூத்து விடியற்காலையில் மங்களம் பாடியே நிறைவுறும். இரவெல்லாம் அரசனாகவும் அரக்கனாகவும் ஆடியவர்கள் கண்விழித்திருந்த ஊரை வாழ்த்திய பின்னரே வேடம் களைவர். கதை முடிவது வேறு, கேட்டவருக்கு விடை கொடுப்பது வேறு என்பதைக் கூத்துக் கலைஞர் நன்கு அறிந்திருந்தனர்.

அச்சு ஏடு வந்த பின்னும் இவ்வறிவு மறையவில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்தது. கதை நின்ற இடம் வாசகர் பலருக்கு நிறைவு தரவில்லை. அப்போது ஆசிரியர் ஒதுங்கிக் கொள்ளாமல் ஒரு முடிவுரை எழுதினார். இன்னார் பின்னர் என்ன ஆனார், வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று வாசகரோடு உரையாடினார். அம்முடிவுரை நாவலின் கலைக்கு இன்றியமையாததா என்று வாதிடலாம். ஆனால், வாரந்தோறும் காத்திருந்தவரை வாயில் வரை வந்து வழியனுப்பிய பண்பு அதில் உண்டு என்பதை மறுக்க இயலாது.

இன்று கூத்தின் இடத்தையும் வாரத் தொடர்கதையின் இடத்தையும் பெருமளவு பிடித்துக்கொண்டிருப்பது தொலைக்காட்சி நெடுந்தொடர். அதன் பிடி எத்தகையது என்பதை அறியச் சென்னைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கைப் பார்த்தாலே போதும். கூலாய் மாவட்டத்தில் செம்பனை சூழ்ந்த ஊர் அது. ஒரு காலத்தில் இத்தகைய தோட்டங்களில் மாலைப்பொழுது என்பது பொதுப்பொழுது. கோயில் திருவிழாவும் நாடகமும் திறந்தவெளித் திரைப்படமும் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டின. பின்னர் இளையோர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றனர். செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் இப்போது தரவு மையங்கள் எழுந்துள்ளன. லயன் வீட்டு வாழ்க்கைக்கு ஒருவரும் மங்களம் பாடவில்லை. ஒவ்வொரு குடும்பமாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு சென்றது, அவ்வளவே. அவ்வாறு ஆளொழிந்த மாலைகளில், தனித்திருந்த மூதாட்டிக்கு நாள்தோறும் தவறாமல் வந்த விருந்தினர் நெடுந்தொடரின் மாந்தரே.

திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 1533 பகுதிகள். இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இக்கணக்கை வேறு விதமாகவும் சொல்லலாம். 2004 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை அ, ஆ எழுதிப் பழகி, பல் விழுந்து முளைத்து, அந்நாளைய யூ.பி.எஸ்.ஆர். தேர்வெழுதி ஆறாம் ஆண்டை முடித்த வேளையில்தான் அபியின் கதையும் முடிந்தது. பிள்ளைக்காவது பள்ளியில் ஒரு பிரியாவிடை விழா உண்டு. ஆறாண்டு உடனிருந்து பார்த்த பாட்டிக்கு அதுவும் இல்லை.

இங்குதான் நெடுந்தொடர்களின் பெருங்குறை வெளிப்படுகிறது. ஒரு நிச்சயதார்த்தத்தை இரண்டு வாரம் நீட்டிக் காட்டிய கலை, பல்லாண்டுப் பகையை இறுதி நாளின் இருபது நிமிடத்திற்குள் தீர்த்துவிட முயல்கிறது. கொடியவன் சிறை செல்கிறான், அல்லது காலில் விழுகிறான், பிரிந்தோர் கூடுகின்றனர், குடும்பம் வரிசையாக நின்று சிரிக்கிறது, 'நன்றி' என்னும் எழுத்து தோன்றுகிறது. மாணவர் எழுதும் கதைகளில், கடைசிப் பத்தியில் எல்லாரும் ஒருசேரத் திருந்திவிடுவதைத் திருத்தி அலுத்த ஆசிரியர்க்கு இதன் ஊற்று எது என விளக்க வேண்டியதில்லை. வழக்கு முடிகிறது, உறவு முடிவதில்லை. பார்வையாளர் இத்தனை ஆண்டு காத்திருந்தது தீர்ப்புக்கு மட்டுமன்று. அபி நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வாள் என்பதே அவர்தம் கவலை. இத்தகைய கேள்விக்கு இறுதிப் பகுதிகள் பெரும்பாலும் விடை கூறுவதில்லை.

கொண்டாடத் தெரியாத துறையன்று இது. 'நாதஸ்வரம்' தன் ஆயிரமாவது பகுதியை 2014இல் நேரலையாகவே நடித்துக் காட்டியது. எண்ணிக்கைக்கு விழா எடுக்கத் துணிந்த அளவுக்கு முடிவுக்கு உழைத்தவர் குறைவு. இயக்குநரை மட்டும் குறை கூறுவதும் நேர்மையாகாது. பார்வையாளர் கணக்கு குறைந்தாலோ, நேரம் வேறொரு தொடருக்குத் தேவைப்பட்டாலோ, முடிக்கும் நாளை நிலையமும் விளம்பரமும் முடிவு செய்கின்றன. நாள் குறிக்கப்பட்ட பின்னரே கதை முடிவைத் தேடி ஓடுகிறது.

மதுரைக் கூட்டுக் குடும்பமொன்றின் நான்கு மருமக்களைப் பற்றிய 'எதிர்நீச்சல்' (2022–2024) இதற்குத் தக்க சான்று. படித்த பெண்களை அடுப்படியில் அடைத்து வைத்த ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் நாள் காலமானார். ஆயினும் பாத்திரம் இறக்கவில்லை. வேல ராமமூர்த்தியின் உருவில் மீண்டும் வந்தது. வெறுத்துக்கொண்டே விரும்பிய ஒரு முகத்துக்காகப் பார்வையாளர் உண்மையாகவே வருந்தினர். கதையோ அவ்வருத்தத்துக்கு நின்று இடம் தர இயலாமல் நடந்தது. 2024 ஜூனில் தொடர் முடிந்தபோது, அது திடீரென முடிக்கப்பட்டது என்னும் மனக்குறை எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' வந்துவிட்டது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இதனினும் விந்தை. 2018இல் தொடங்கிய அது 2023 அக்டோபரில் முடிய, உடனே இரண்டாம் பாகம் தொடங்கியது. முதற்கதையில் மூத்த அண்ணனாக இருந்த ஸ்டாலின் இரண்டாம் கதையில் தந்தையானார். தம்பி மனைவி மீனாவாக நடித்த ஹேமா, அதே மீனா என்னும் பெயரில் அவருக்கே மருமகளானார். இது 'போய் வருகிறேன்' என்னும் மரபன்று. போகாமலேயே வேறு சட்டை மாற்றி வாயிலில் நிற்பது. பிரிவு நிகழாத இடத்தில் வரவுக்கு மதிப்பேது?

அயல்நாட்டில் இக்கலை எவ்வாறு கையாளப்பட்டது என்பதற்கு 'மேஷ்' என்னும் அமெரிக்கத் தொடரைக் காணலாம். மூன்றாண்டு நடந்த கொரியப் போரைப் பதினொரு ஆண்டு காட்டிய தொடர் அது. 1983 பிப்ரவரி 28இல் ஒளிபரப்பான இரண்டரை மணி நேர இறுதிப் பகுதியை ஏறத்தாழ 10.6 கோடிப் பேர் பார்த்தனர். போர் நின்றதும் முகாம் கலைகிறது. மருத்துவர் பி.ஜே. ஹனிகட்டுக்கு நண்பன் ஹாக்கையிடம் 'விடை பெறுகிறேன்' என்னும் சொல் வாயில் வரவில்லை. ஹெலிகாப்டரில் மேலெழும் ஹாக்கை கீழே நோக்குகிறான். தரையில் கற்களை அடுக்கி அச்சொல் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே எப்பகையும் தீர்க்கப்படவில்லை. ஒரு சொல் மட்டுமே சொல்லப்பட்டது. அதைச் சொல்வதற்கு அத்தனை நேரமும் வேண்டியிருந்தது.

முடிவே பெறாத தொடர்களும் உண்டு. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் தமிழகத்தில் படப்பிடிப்புகள் நின்றன. இந்நாட்டிலும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ரேவதி நடிக்க 2017இல் தொடங்கிய 'அழகு' அப்போது நின்றது, நின்றதுதான். கல்கி 1954இல் மறைந்தபோது 'அமரதாரா' குறையாக நின்றது. அதை அவர்தம் மகள் ஆனந்தி, தந்தையார் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு நிறைவு செய்தார். 'அழகு'க்கு அத்தகைய ஒரு கை வாய்க்கவில்லை.

படப்பிடிப்பு நின்ற அக்காலத்தில், 2005இலேயே முடிந்துவிட்ட 'மெட்டி ஒலி' மீண்டும் ஒளிபரப்பப்பட்டது. சிதம்பரமும் அவர்தம் ஐந்து பெண்மக்களும் பதினைந்தாண்டு கழித்து அதே வீட்டில், அதே வயதில் வந்து நின்றனர். முன்பு மருமகளாக இருந்து அத்தொடரைப் பார்த்தவர் பலர், இம்முறை மாமியாராக இருந்து பார்த்தனர்.