மீளாய்வு மன்றமும் கால நீட்டிப்பும்

பேரிடரில் வீடிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் அமெரிக்கக் கூட்டரசு அவசரநிலை மேலாண்மை முகமையை ஆராய, 2025 ஜனவரி 24இல் ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. அதன் ஓராண்டுக் காலம் 2026 ஜனவரியில் நீட்டிக்கப்பட்டது. காலக்குறைவே குறை என்பது இந்நீட்டிப்பின் உட்கிடை. நாம் அதனை ஏற்பதற்கில்லை. 2003 முதல் அம்முகமை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்கீழ் இயங்குகிறது. மன்றத்தின் இணைத்தலைவர் இருவருள் ஒருவர் அத்துறைச் செயலரே! மேலும், மன்றம் அமைந்த அன்றே, ஹெலீன் புயல் சிதைத்த வட கரோலினாவில், முகமையைக் கலைத்துவிடுவது பற்றியும் அதிபர் டிரம்ப் பேசினார். விடையை எழுதிவிட்டு வினாவைத் தேடுவதை ஆய்வென்று நம் மாணவர்க்குக் கற்பிப்போமா? 2005இல் கத்ரீனா புயலுக்குப்பின் காங்கிரசு அவைகளே விசாரணை நடத்தின. 2006இல் சட்டமும் பிறந்தது. அங்கு விசாரித்தோர் வேறு, விசாரிக்கப்பட்டோர் வேறு.