தரங்கம்பாடியில் அருங்காட்சியகம் பார்ப்பது எப்படி?

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பலர் டேனிஷ் கோட்டைக்குள் கால் மணி நேரம் சுற்றுகிறார்கள். கடல் பின்னால் தெரியப் படம் எடுக்கிறார்கள். அருங்காட்சியக அறைகளை எட்டிப் பார்த்துவிட்டு, “பெரிசா ஒண்ணும் இல்லை” என்று கிளம்பிவிடுகிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தையோ தஞ்சைக் கலைக்கூடத்தையோ மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் அப்படித்தான் தோன்றும். உள்ளூர் அருங்காட்சியகத்தைப் பார்க்கும் முறையே வேறு. அங்கே இருப்பது ஊரின் சில துண்டுகள்; மீதி வெளியே தெருவிலும் கடற்கரையிலும் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்க்கப் பழகிவிட்டால் தரங்கம்பாடிக்கு ஒரு நாள் போதாது.

கதையின் தொடக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரும் டென்மார்க்கிலிருந்து வந்த கப்பற்படைத் தலைவர் ஓவ் கெடேயும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இங்கே கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் டேனிஷ்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது. ரகுநாதர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் ஒரு கடிதம் அனுப்பினார். வாசகம் தமிழில், கையொப்பம் தெலுங்கில். அந்தத் தகடு இன்று கோபன்ஹேகனில் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் முதலில் தேடி வந்தது மிளகை. பிறகு துணியும் சேர்ந்துகொண்டது.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். முதலில் நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வாள், ஈட்டி, பீங்கான், சீனத்துத் தேயிலைச் சாடி, சுதைப் பொம்மை, பீரங்கிக் குண்டு, திமிங்கல எலும்பு என்று எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் கலவையைக் குறையாக நினைக்க வேண்டாம், ஒரு துறைமுகத்தின் கிடங்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அடுத்த சுற்றில் ஏதாவது ஒரு பொருளுக்கு முன்னால் நின்றுவிடுங்கள். இது எங்கிருந்து வந்தது? எங்கே போக இருந்தது? ஏன் இங்கேயே தங்கிவிட்டது? சீனச் சாடியை வைத்தே கேட்டுப் பாருங்கள். 1732இல் தொடங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனி தரங்கம்பாடியோடும் வணிகம் செய்தது, சீனத்தோடும் செய்தது. சோழமண்டலக் கரையில் ஒரு சீனச் சாடி ஏன் இருக்கிறது என்பது அப்போது புரியத் தொடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தவை டேனிஷ் காசுகள். விரல் நகத்தளவு இருக்கும் செம்புக் காசுகளை, எங்கே பார்க்கக் கிடைத்தாலும், கண்ணாடியோடு முகம் ஒட்டும் அளவுக்குக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே பின்னலாக ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். ‘சி’ எழுத்தோடு 7 இருந்தால் மன்னர் ஏழாம் கிறிஸ்டியன். அவர் ஆண்டது 1766 முதல் 1808 வரை. பெயர் அட்டை மங்கிப்போயிருந்தாலும், அட்டையே இல்லாவிட்டாலும், காசின் காலம் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. டென்மார்க் மன்னர்கள் அநேகமாகக் கிறிஸ்டியன், பிரெடரிக் என்று மாறி மாறி வந்ததால் எழுத்தையும் எண்ணையும் சேர்த்துக் கவனித்தால் போதும். தொடக்க காலக் காசுகள் ஈயம். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கோட்டை பட்ட பாட்டையும் ஈயத்தோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். 1669 வரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் என்ற ஒரே டேனிஷ்காரர், உள்ளூர் ஆட்களின் துணையோடு கோட்டையைக் காத்துவந்தார்.

இனி வெளியே வாருங்கள். ராஜ வீதியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தின் முகப்பை நிமிர்ந்து பாருங்கள். அதே கிரீடம், அதே மாதிரி எழுத்துப் பின்னல். இங்கே நான்காம் பிரெடரிக். வீதியின் மேற்கு முனையில் 1792ஆம் ஆண்டின் நகர வாயில் நிற்கிறது. அது ஏழாம் கிறிஸ்டியன் காலம் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். கிரீடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நம்மைவிட முன்னால் ஓடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சீகன்பால்கு வாழ்ந்த வீடும் இப்போது அருங்காட்சியகம்தான். 1706 ஜூலையில் வந்திறங்கிய இந்த ஜெர்மானியப் பாதிரியார் தமிழ் கற்று, ஏடுகளைத் திரட்டிப் பட்டியலிட்டு, தமிழில் நூல்களை அச்சிட்டார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் பக்கத்துப் பொறையாரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், காகிதப் பட்டறையும் வைத்தார்கள். புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பழைய அச்சுப் பக்கத்தைப் பார்க்கும்போது பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத்தின் வடிவத்தை மட்டும் பாருங்கள். புள்ளி இருக்கிறதா, கொம்பு எப்படி வளைகிறது, ஒரு வரியில் எத்தனை எழுத்து அடங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். ஏட்டில் கீறிய எழுத்து ஈயத்துக்கு மாறிய கட்டம் அது. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்பேன்.

கோட்டைக்கு வடக்கே கரையோரம் மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் போய்வாருங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே ஊரும் வணிகமும் இருந்ததற்கு அதன் கல்வெட்டு சாட்சி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடற்கரை ஊர்களில் பெட்டிக்குள் இருப்பதைப் போலவே கடல் எடுத்துக்கொண்டதும் வரலாறுதான். 2004 சுனாமியில் இந்த ஊர் மீனவர் குடியிருப்பு இழந்த உயிர்கள் ஏராளம். அதைப் பற்றி விசாரிப்பதாக இருந்தால் நிதானமாக, சொல்பவர் விரும்பும் அளவுக்கு மட்டும் கேளுங்கள்.

ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆளுநர்கள், பாதிரிமார்கள், தளபதிகள் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. கப்பலேறிய துணியை நெய்தவர், கரையிலிருந்து கப்பலுக்குப் படகில் சரக்கு ஏற்றியவர், அச்செழுத்தைக் கோத்தவர், இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்னும் அவர்களை நீங்கள்தான் நினைவில் கொண்டுவர வேண்டும்.

நேரமிருந்தால் வடக்கே பூம்புகாருக்கும் ஒரு நடை. கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை அகழ்ந்தெடுக்கப்பட்டது. கடலுக்கடியில் கிடைத்தவற்றுக்குத் தனி அருங்காட்சியகமும் உண்டு. தமிழகத்தின் அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெயிலேறுமுன் தெரு, வெயிலில் அருங்காட்சியகம், மாலையில் கடற்கரை என்று வைத்துக்கொண்டால் களைப்புத் தெரியாது.

வீடு திரும்பியதும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த ரயில் 1986இல் நின்றுபோனது. அந்த ரயிலின் பயணச்சீட்டோ, நிலையத்தின் புகைப்படமோ, தாத்தாவின் படகுக் கணக்கு நோட்டோ உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். இது யாருடையது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.