தேவாரப் பாடசாலைகளும் ஓதுவார் தகுதியும்

சிவாலயங்களில் பூசை நிறைவில் ஓதுவார் பஞ்சபுராணம் பாடுவது மரபு. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் ஐந்து பாடல்கள் ஒலிக்கும். அந்தக் குரல்களை உருவாக்கியவை தேவாரப் பாடசாலைகள். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, உணவும் உறைவிடமும் தந்து, கட்டணமின்றிக் கற்பித்து வந்தவை அவை.

பாடுவோரை ஆதரிக்கும் வழக்கம் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க, அதாவது தேவாரம் பாட, 48 பிடாரர்களையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் இராசராசன் அமர்த்தினான். ஒருவருக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினர் அந்தப் பணியைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள வேறொருவரைப் பாட வைக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. உரிமை உறவுக்கு; பாடும் இடமோ தகுதிக்கு. இம்மரபின் அளவுகோல் அன்றே கல்லில் பதிந்துவிட்டது.

பிற்காலத்தில் சைவ மடங்களான ஆதீனங்கள், பாடுவோரை உருவாக்கி ஆதரிக்கும் பொறுப்பை ஏற்றன. தருமபுரம் ஆதீனத்தின் பாடசாலை நாடறிந்த ஓதுவார்களைத் தந்தது, தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்களுள் ஒருவர். இந்து சமய அறநிலையத் துறையும் கோயில்கள் வழியே ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது.

இப்பாடசாலைகளில் ஆசிரியர் ஓரடி பாட, மாணவர் அதைத் திருப்பிப் பாடுவர். சொல்லும் சீரும் பிசகாமல் நின்ற பிறகே அடுத்த அடி. பண்ணின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது, கட்டளையும், அதாவது பாடலின் சீரமைப்பும், அறிய வேண்டும். நட்டபாடைக்கு மட்டுமே எட்டுக் கட்டளைகள் என்பது மரபு. தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம், தாளமின்றிப் பாடுவது சுத்தாங்கம். திருத்தாண்டகமும் திருவிருத்தமும் சுத்தாங்கமாகவே பாடப்படும். அங்கே கைத்தாளத்தின் துணை கிடையாது; சொல்லின் பொருள் உணர்ந்தவனுக்கே எங்கே நிறுத்துவது, எங்கே நீட்டுவது என்பது பிடிபடும். செந்துருத்திப் பண்ணிலோ மூவர் தேவாரத்தில் சுந்தரரின் ஒரே ஒரு பதிகம்தான் உள்ளது. அதைச் சரியாகக் கற்பிக்க ஆளில்லையெனில் ஒரு பண்ணே வழக்கொழியும்.

ஆகவே சான்றிதழைக் கொண்டு ஓதுவாரை அளக்கக் கூடாது. எத்தனை பதிகங்கள் மனப்பாடம், எத்தனை பண்களில் தேர்ச்சி, சுத்தாங்கத்தில் பொருள் சிதையாமல் பாடுகிறாரா என்று பார்ப்பதே முறை.

இலவசக் கல்வி பாதி அறம்தான். பயிற்சி முடித்த பிள்ளைக்குக் கோயிலில் பணியும் குடும்பம் நடத்தப் போதிய ஊதியமும் கிடைத்தால்தான் அது முழுமை பெறும். இல்லையேல் கற்றவர் வேறு வேலை தேடிப் போவார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. திருப்பணிக்கும் குடமுழுக்குக்கும் வாரி வழங்கும் அன்பர்கள், தங்கள் ஊர்க் கோயிலில் ஓர் ஓதுவாருக்கு நிலையான அறக்கட்டளை ஏற்படுத்த முன்வர வேண்டும்.