இன்வெர்ட்டரில் ஏறாத தண்ணீர்

மின்தட்டுப்பாட்டுக்குத் தயாராவது பற்றிப் புழங்கும் ஆலோசனைப் பட்டியல்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துவைத்துப் படிக்கிறேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான்: இன்வெர்ட்டர், பவர் பேங்க், எமர்ஜென்சி லைட், கூடுதலாக ஒரு கேஸ் சிலிண்டர். தனி வீட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். ஓசூரில் நாலாவது மாடியில் குடியிருப்பவருக்கு இது பாதி ஆலோசனைகூடக் கிடையாது என்பதுதான் என் விமர்சனம்.

நமக்கு அனுபவம் இல்லாத விஷயமா இது? 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. ஓசூர் சிப்காட் மாதிரி இடங்களுக்கு அது என்ன அடி என்று சொல்லத் தேவையில்லை. 2012இல் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். அந்த பிப்ரவரிக் கடைசியில் அறிவித்த கணக்குப்படி சென்னைக்கு 2 மணி நேர வெட்டு, மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம். நடப்பிலோ பல ஊர்களில் அது 10 மணி நேரத்தைத் தாண்டியது. வடக்கே இருந்து வாங்கலாமே என்றால் கொண்டுவரப் போதுமான மின்தடம் இல்லை. தென் மாநில மின்தொகுப்பு ராய்ச்சூர் - சோலாப்பூர் வழியாக நாட்டின் பொதுத் தொகுப்போடு ஒத்திசைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

அந்த வருஷங்களில்தான் இன்வெர்ட்டர் நடுத்தரக் குடும்பத்துச் சாமான் ஆனது. 150 ஏஎச், 12 வோல்ட் பேட்டரி என்றால் 1.8 யூனிட். ரெண்டு ஃபேன், நாலு லைட்டுக்கு ஐந்தாறு மணி நேரம் தாங்கும். சரிதான். ஆனால் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. நிறைக்கும்போது வாங்குவது ஒரு பங்கு கூடுதல், திருப்பித் தருவது குறைவு. கரண்ட் வந்ததும் தெருவிலுள்ள அத்தனை பேட்டரியும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். பற்றாக்குறை நேரத்தில் அந்தச் சுமையும் தொகுப்பின் தலையில்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அடுக்ககத்தில் உயிர்நாடியான ரெண்டும், அதாவது தண்ணி மோட்டாரும் லிஃப்ட்டும், உங்கள் வீட்டு மீட்டரில் ஓடுவதில்லை. காமன் மீட்டரில் ஓடுகின்றன. வீட்டுக்குள் ஃபேன் சுற்றும், குழாயில் காற்று வரும்.

எவ்வளவு மின்சாரம் தேவை என்று போட்டுப் பார்த்தேன். பத்து வீடு, வீட்டுக்கு 500 லிட்டர், மொத்தம் 5,000 லிட்டர். 20 மீட்டர் உயரம் ஏற்ற, இயற்பியல் கணக்கில் 0.27 யூனிட். மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவைவிடக் குறைவு! பத்துக் குடும்பத்தின் ஒரு நாள் தண்ணீர் இவ்வளவுதான் கேட்கிறது. இந்த ஒரு யூனிட்டைப் பற்றி எந்தப் பட்டியலிலும் ஒரு வரி இல்லை.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃப்ளோரைடு தண்ணீரிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைக் காப்பாற்ற வந்தது. காவிரிக்கரையிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 600 மீட்டர் மேலே. அந்த உயரத்துக்கு ஆயிரம் லிட்டரை ஏற்ற, நஷ்டமே இல்லாவிட்டாலும் 1.6 யூனிட் வேண்டும். ஆக, நாம் குடிக்கும் தண்ணீரிலேயே கரண்ட் கலந்திருக்கிறது. நீண்ட வெட்டு வந்தால் மேல் தொட்டி மட்டுமல்ல, கீழ்த் தொட்டியும் காயும்.

"ஜெனரேட்டர் இருக்கே" என்பார்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கும். சில மணி நேர வெட்டுக்கு அது போதும். ஆனால் இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் தினமும் 13 மணி நேரம் வெட்டியதற்கு, அணைகளில் நீர் குறைந்ததோடு, மின்நிலையங்களுக்கே டீசல் இல்லாததும் காரணம். மின்சாரமும் அதன் மாற்றும் ஒரே காரணத்தால் நின்றன. மொட்டைமாடி சோலாரிலும் ஒரு கண்ணி உண்டு: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண சோலார், லைன் போனால் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் மோட்டார் ஓடாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மோட்டாருக்கு மட்டும் தனி பேட்டரி - சோலார் ஏற்பாடு, மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும் அளவில். தொட்டி நிரம்பிய பிறகு மிச்சம் இருந்தால் லிஃப்ட்டுக்கு. கொள்ளளவு கூடிய கீழ்த் தொட்டி. தண்ணீர் குறையும்போது யாருக்கு எத்தனை குடம் என்று முன்கூட்டியே ஒரு விதி.

இதையெல்லாம் கடையில் ஒருவர் தனியாக வாங்கிவர முடியாது. கூடி முடிவெடுக்க வேண்டும். சிரமமே அங்கேதான். வீட்டு ஓனர் பெங்களூரில் இருப்பார். குடியிருப்பவர் ஷிஃப்ட்டுக்குப் போயிருப்பார். அசோசியேஷன் கூட்டத்தில் அவருக்கு ஓட்டு இருக்காது. பணம் போடுகிறவர் ஒருவர், குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறப்போகிறவர் இன்னொருவர்.

அடுத்த கூட்டத்தில் வாடகைதாரர்களையும் உட்காரவைத்து, கரண்ட் இல்லாத மூன்று நாளுக்கு நம் தொட்டித் தண்ணீர் வருமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டர் விலையை அதற்கப்புறம் விசாரிக்கலாம்.