சாதி கேட்காத ஆலோசனை அறை

'நாங்கள் யாரிடமும் சாதி கேட்பதில்லை' என்பது தமிழ்நாட்டு மனநல ஆலோசகர்கள் பலரும் பெருமையோடு சொல்லிக்கொள்வது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழித்த மண்ணில் அது இயல்பாக வந்த பழக்கம், நன்மையும் உண்டு. வருகிறவர் தன் அடையாளத்தை முதலிலேயே ஒப்படைக்காமல் பேசத் தொடங்கலாம். சாதி, மதம், வர்க்கம் பாராமல் சிகிச்சை தரவேண்டும் என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் கேட்காமலிருப்பது வேறு, பாராமலிருப்பது வேறு. திருவண்ணாமலைப் பக்கம் 'எந்த ஊரு, எந்தத் தெரு, குலசாமி எது' என்று விசாரித்து முடிப்பதற்குள் எல்லாம் தெரிந்துவிடும். கேட்காதவர் ஊகித்துக்கொள்கிறார், ஊகத்தை எங்கும் எழுதாததால் அதை யாரும் சரிபார்ப்பதும் இல்லை.

இதன் விலை என்ன? திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக முத்துமாரியம்மன் கோயிலுக்குள் விடப்படாதிருந்த பட்டியல் சாதி மக்களால் 2023 ஜனவரி 30 அன்று காவல்துறைப் பாதுகாப்போடுதான் உள்ளே போக முடிந்தது. அப்படியொரு ஊரிலிருந்து ஓர் இளம்பெண் வருவதாக வைத்துக்கொள்வோம். தூக்கமில்லை, கடைக்குப் போனால் எல்லோரும் தன்னையே முறைக்கிறார்கள் என்கிறாள். அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், அப்பட்டமான உண்மையாகவும் இருக்கலாம். ஊர் நடப்பைப் பேசவே கூடாதென்று வைத்திருக்கும் ஆலோசகர் 'சந்தேக எண்ணம்' என்று குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். தப்பியோடிய கறுப்பின அடிமைகளின் விடுதலை வேட்கைக்கு 1851இல் நோய்ப்பெயர் சூட்டிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், இப்படி நியாயமான உணர்வை நோயாக்குவதை வெளிப்படையாகச் செய்தார். இங்கே நடப்பது நல்லெண்ணத்தோடு நடக்கிறது. அதனால் கண்டுபிடிப்பதும் கடினம்.

ஆலோசகர்களுக்குச் சார்பைப் போக்கும் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். விசையை அழுத்தும் வேகத்தைக் கொண்டு உள்மனச் சார்பை அளக்கும் சோதனையை 1998இல் கிரீன்வால்டும் சகாக்களும் வெளியிட்டார்கள். நல்லவர்களிடமும் சார்பு இருக்கும் என்று பேசவைத்தது அதன் சாதனை. ஆனால் ஒரே ஆளை மறுபடி சோதித்தால் மதிப்பெண் கணிசமாக மாறுகிறது. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை, அந்த மதிப்பெண்ணை மாற்றுவதால் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை என்றது. அரைநாள் பயிலரங்கும் சான்றிதழும், 'எனக்குச் சார்பு போய்விட்டது' என்ற புதுத் தெம்பைத் தந்துவிடும் ஆபத்தும் உண்டு.

அப்படியானால் சாதியைக் கேட்டு அறைக்குள்ளும் அதை நுழைப்பதா என்ற எதிர்ப்பு நியாயமானது. கேட்க வேண்டியது சாதியை அல்ல, அனுபவத்தை: 'ஊரில், வேலையில் உங்களை யாராவது ஒதுக்கி நடத்துகிறார்களா?' இதை எல்லோரிடமும் கேட்க வேண்டும். மகள் வேறு சாதியில் மணம் முடித்ததால் 'மானம் போச்சு' என்று நொந்து வரும் தகப்பனின் பேச்சை வெறும் குடும்பத் துயரமாக எடுத்துக்கொள்வதும் சார்புதான். அந்த வீட்டில் மகளின் உயிருக்கு ஆபத்து இருக்கக்கூடும். அடுத்து, வந்தவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே முதலில் எழுதி, ஆலோசகரின் முடிவைத் தனி வரியில் வைத்து, அக்குறிப்பை இன்னொருவர் அவ்வப்போது படித்துக் கேள்வி கேட்கும் ஏற்பாடு வேண்டும். அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்றால், அவசரத்தில்தான் ஊகம் அதிகம் வேலை செய்கிறது. எல்லோருக்கும் முடியாவிட்டால், 'சந்தேகம்', 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதப்பட்ட குறிப்புகளை மட்டுமாவது இரண்டாவது ஆள் பார்க்கட்டும்.