நடுவில் ஒரு மடை

திருச்சிப் பொன்மலை மைதானத்தில் சாயங்காலக் கால்பந்து ஆட்டம் பார்க்க வரும் பழைய ரயில்வே பணிமனைக்காரர்கள் 'மிட்ஃபீல்டர்' என்று சொல்ல மாட்டார்கள். 'ஹாஃப்' என்பார்கள். ரைட் ஹாஃப், லெஃப்ட் ஹாஃப், சென்டர் ஹாஃப். 1928இல் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாறியபோது லேத்துகளோடு சேர்த்து ரயிலேற்றி வந்த சொல்லோ என்னவோ. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். பாதித் தடுப்பு, பாதித் தாக்குதல். எதுவும் முழுசாக ஹாஃபின் கணக்கில் எழுதப்படாது.

இந்த ஆளைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் உட்காரும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர். "பந்தைப் பாக்காதீங்க தம்பி, அதைத்தான் ஊரே பாக்குது. ஹாஃபோட கழுத்தைப் பாருங்க" என்றார். கழுத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பந்து இன்னும் வேறு யார் காலிலோ இருக்கும்போதே நல்ல ஹாஃப் இடது தோளுக்கு மேல் ஒருமுறை, வலது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுகிறார். பந்து வந்து சேரும்போது அது எங்கே போகவேண்டும் என்பது முடிவாகியிருக்கும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து ஆட்டங்களை எடுத்துவைத்து இந்தத் தலைத்திருப்பலை எண்ணவே எண்ணினார். லாம்பார்டும் ஜெரார்டும் அந்தப் பட்டியலில் உச்சியில் இருந்தார்கள். எங்கள் ஃபிட்டருக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது, "இதை எண்ணறதுக்கு ஒரு சம்பளமா?" என்று கேட்டார்.

கழுத்துக்கு அடுத்தது இடுப்பு. சாதாரண ஆட்டக்காரர் பந்து வரும் திசைக்கு நேரே நின்று வாங்குவார், பிறகு திரும்புவார். அந்தத் திரும்பலில் எதிராளி மேலே விழுந்துவிடுவார். தேர்ந்தவர் உடம்பைப் பாதி திருப்பிவைத்து, தன் கோலையும் எதிர்க் கோலையும் ஓரக்கண்ணில் வைத்தபடி, தூரத்துக் காலால் வாங்குவார். முதல் தொடுதலே திருப்பமாகிவிடும். அப்புறம் பாஸின் எடை. ஓடுகிறவரின் காலுக்கு அடிப்பதா, அவர் போய்ச் சேரப்போகும் வெற்று இடத்துக்கு அடிப்பதா? வேகம் கொஞ்சம் கூடினால் பந்து கோட்டைத் தாண்டிவிடும், குறைந்தால் எதிராளியின் காலில் விழும். கச்சேரியில் காலப்பிரமாணம் என்போமே, அதுதான். ஆட்டத்தை இழுப்பதும் ஓட்டுவதும் இவர் கையில், மன்னிக்கவும், காலில்.

முக்கொம்பில் நின்று பார்த்தவர்களுக்கு ஹாஃபின் இந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்வான ஆறு. விட்டால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே சரிந்து கடலுக்குப் போய்விடும். அதனால்தான் 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். எதை எந்தப் பக்கம் எவ்வளவு விடுவது என்ற முடிவுதான் அங்கே வேலை. தண்ணீரை உண்டாக்குவது யாரோ, பயிர் செய்வது யாரோ. 2018 ஆகஸ்டில் கொள்ளிடக் கதவுகளில் ஒன்பது வெள்ளத்தோடு போனபோது ஊரே ஓடிப்போய்ப் பார்த்தது. அதற்கு முந்தைய நூற்றெண்பது வருடம் அந்த அணை நின்றதை யாரும் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. ஹாஃபுக்கும் அதே விதி. உடைந்தால்தான் தெரிவார்.

1996இல் எரிக் காண்டோனா, சக பிரெஞ்சுக்காரரும் ஹாஃபுமான திதியே தெஷாமை 'தண்ணீர் சுமப்பவர்' என்று ஏளனம் செய்தார். எடுபிடி என்ற பொருளில். அதே தெஷாம் 1998இல் உலகக் கோப்பையையும் 2000இல் ஐரோப்பியக் கோப்பையையும் கேப்டனாகத் தூக்கினார், 2018இல் பயிற்சியாளராக இன்னொரு உலகக் கோப்பை வாங்கினார் என்பது இருக்கட்டும். எனக்கு அந்த வசவே விளங்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரித் தண்ணீரைத் தங்கக் குடத்தில் எடுத்து யானை மேல் ஏற்றி மேளதாளத்தோடு கொண்டுபோகிறார்கள். தண்ணீர் சுமப்பது திட்டுகிற வேலையா? ஆனால் நம்மூரிலும் மடை திறக்கிறவரைக் குறித்த சொல்தான் 'மடையன்' என்ற வசவானது என்று சொல்கிறவர்கள் உண்டு. காண்டோனாவை மட்டும் குறைசொல்ல முடியாது.

இந்தக் கலையைத் தமிழ்நாட்டில் யாரிடம் பார்ப்பது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்துமதி கதிரேசன். கடலூர்க்காரர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தேசிய மகளிர் கோப்பையின் இறுதியாட்டம். அந்தக் கோப்பையைக் குடும்பச் சொத்துபோல் வைத்திருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வென்றது. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டு மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீகை எடுத்தது. இரண்டு அணியிலும் நடுவில் இந்துமதி. 2020 ஊரடங்கில் அதே ஆள் சென்னைத் தெருவில் முகக்கவசத்தோடு காவல் பணியில் நின்றார். யாரை விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதுதான் அங்கேயும் வேலை. 2022 ஜனவரியில் நவி மும்பையில் மகளிர் ஆசியக் கோப்பை. ஈரானோடு 0-0. அடுத்த ஆட்டத்துக்குள் அணிக்குள் கொரோனா புகுந்து இந்தியா வெளியேற வேண்டியதாயிற்று. ஆட்டக்காரரின் வாழ்க்கையில் சில கதவுகளை வேறு யாரோ சாத்திவிடுகிறார்கள்.

ஆண்களில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ். அவர் அடியாழ ஹாஃப், தடுப்புக்கு முன்னே நிற்கிற ஆள். 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் அரையிறுதியில் கோவாவைச் சென்னையின் எஃப்சி 3-0 என்று வென்றபோது ஜேஜே இரண்டு, கணேஷ் ஒன்று. நான்கு நாள் கழித்து பெங்களூரில் இறுதியாட்டம், 3-2, கோப்பை. அதில் கோல் போட்டவர்கள் மெய்ல்சனும் ரஃபேல் அகஸ்டோவும், கணேஷ் பெயர் அந்த வரியில் இல்லை. அடுத்த சீசனை முழங்கால் தின்றது. குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜுக்கும் இதே கதை. இடது ஓரத்தில் அவர் பந்தோடு கிளம்பினால் பார்க்கிற நமக்கே கால் துறுதுறுக்கும். 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்தில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள்.

இந்துமதிக்குக் கோலும் தெரியும். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியக் கோப்பை அரையிறுதி. வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 4-0, அதில் இரண்டு இவருடையவை. பிறகு இறுதியில் நேபாளத்தையும் வென்று தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கோப்பை வந்தது. அந்த அரையிறுதிக் காட்சிகளைப் போன மாதம் மைதானத்தில் வைத்து ஃபிட்டருக்குக் கைபேசியில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு கோலையும் பார்த்தார். திரும்ப ஓட்டச் சொன்னார். மறுபடி பார்த்தார்.

"போட்டுச்சு, நல்லாத்தான் போட்டுச்சு" என்றார். "இந்தப் பொண்ணு மேல ஏறினப்போ அது விட்டுட்டு வந்த இடத்துல யார் போய் நின்னா? அதைக் காட்டுங்க."

தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கேமரா பந்தோடு போயிருந்தது.